மாதிரி ரயிலின் கைகாட்டிக்குத் தனி மின்சாரம்

பள்ளிக் கண்காட்சிகளில் மாதிரி ரயில் ஓடும் மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடுவது இயல்பு. வண்டி ஓடுவதைக் காட்டிலும், ஸ்டேஷன் விளக்குகள் எரிவதும், கைகாட்டியின் நிறம் மாறுவதும், வண்டி ஒரு பாதையினின்று மற்றொரு பாதைக்குத் திரும்புவதுமே சிறுவரின் கண்ணைக் கவர்கின்றன. இத்துணைக் கருவிகளுக்கு வேண்டிய மின்சாரத்தை எங்கிருந்து பெறுவது? தண்டவாளத்தில்தான் மின்சாரம் இருக்கிறதே, அதனின்று இரண்டு கம்பிகளை இழுத்துக்கொண்டால் போதாதா என்று மாணவர் கேட்பர். கேள்வி நியாயமானதே.

எனினும், தண்டவாளத்து மின்சாரம் ஒரு நிலையில் நிற்பதன்று. உண்மை ரயிலில் 87-இல் ஒரு பங்கு அளவாய், 16.5 மில்லிமீட்டர் அகலப் பாதையில் ஓடும் மாதிரி வண்டிகளுள் பெரும்பாலானவை 12 வோல்ட்டு வரையுள்ள நேர் மின்னோட்டத்தால் இயங்குகின்றன. வேகத்தைக் குறைக்க மின்னழுத்தம் குறைக்கப்படுகிறது. வண்டியைப் பின்னோக்கிச் செலுத்த நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாற்றப்படுகின்றன. ஆகவே தண்டவாளத்தோடு இணைத்த விளக்கு, வண்டி மெதுவாகச் செல்லும்பொழுது மங்கும். வண்டி நிற்கும்பொழுது அணைந்துவிடும். சிவப்பு விளக்கு எரிய வேண்டிய வேளையோ வண்டி நிற்கும் வேளைதான்! எல்.இ.டி. விளக்காயின் மற்றொரு தொல்லையும் உண்டு. அது ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை ஏற்பது. வண்டி பின்னோக்கிச் செல்லும்பொழுது எரியாது, பழுதாகவும் கூடும்.

உண்மை ரயில்வேயிலும் இழுவை மின்சாரம் வேறு, கைகாட்டி மின்சாரம் வேறு. நம் நாட்டின் மின்மயப் பாதைகளில் மேல்நிலைக் கம்பியில் 25,000 வோல்ட்டு மாறு மின்னோட்டம் செல்கிறது. வண்ண விளக்குக் கைகாட்டிகளுக்கு வழக்கமாக 110 வோல்ட்டு மாறு மின்னோட்டமும், பாயிண்டு இயந்திரங்களுக்கு 110 வோல்ட்டு நேர் மின்னோட்டமும் அளிக்கப்படுகின்றன. இவற்றுக்கான மின்சாரம் துணை மின்மாற்றி வழியாக மேல்நிலைக் கம்பியினின்றே எடுக்கப்படுமிடத்தும், அது நின்றால் உள்ளூர் மின்சாரமோ டீசல் ஜெனரேட்டரோ அப்பொறுப்பை ஏற்கும். வண்டி நின்றாலும் கைகாட்டி அணையலாகாது என்பதே கருத்து.

விளக்குகளுக்கான ஏற்பாடு எளிது. கைப்பேசிக்கு மின்னேற்றும் 5 வோல்ட்டு அடாப்டரே ஒரு சிறு ஸ்டேஷனுக்குப் போதும். சிவப்பு எல்.இ.டி. ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தான் எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 3 வோல்ட்டை ஒரு தடை தாங்க வேண்டும். 330 ஓம் தடையைத் தொடரில் இணைத்தால் 9 மில்லி ஆம்பியர் ஓடும். ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனித் தடை வேண்டும். இவ்வாறு இருபது விளக்குகளை எரித்தாலும் மொத்தம் 0.18 ஆம்பியரே. பழைய இழை பல்புகள் இருபதை 16 வோல்ட்டில் எரிக்க, பல்புக்கு 50 மில்லி ஆம்பியராக ஒரு முழு ஆம்பியர் வேண்டியிருக்கும்.

வண்டியைத் திருப்பும் பாயிண்டுதான் சோதனை. அதன் அடியில் உள்ள இரண்டு கம்பிச் சுருள்களுள் ஒன்று ஒரு கணம் காந்தமாகி, இரும்புத் தண்டை வெடுக்கென்று இழுக்கிறது. சுருளின் தடை 4 ஓம் என்று கொண்டு, தடையை மட்டும் கணக்கிட்டால், 16 வோல்ட்டில் 4 ஆம்பியர், அதாவது 64 வாட்டு. ஒரு கணத்திற்கு இதனால் கேடில்லை. மாணவன் பொத்தானை அழுத்திய விரலை எடுக்க மறந்தானாயின், சிறிது நேரத்தில் சுருள் கருகி நாற்றம் வீசும். இதற்கு மாற்று, கண்டென்ஸர் எனப்படும் மின்தேக்கி. 16 வோல்ட்டு மாறு மின்னோட்டத்தை நான்கு டையோடுகளால் திருத்தினால், மின்தேக்கி ஏறத்தாழ 21 வோல்ட்டு வரை நிரம்பும். 4,700 மைக்ரோ பாரடு மின்தேக்கியில் அப்பொழுது ஒரு ஜூல் ஆற்றல் சேர்ந்திருக்கும். பாயிண்டு ஒருமுறை திரும்ப அது பெரும்பாலும் போதும். அது 35 வோல்ட்டு தாங்கக்கூடியதாக இருத்தல் நலம். மின்தேக்கி 100 ஓம் தடையின் வழியே நிரம்புமாறு அமைத்தால், பொத்தான் அழுந்தியபடியே கிடந்தாலும் சுருளில் 0.2 ஆம்பியருக்குமேல் செல்லாது. அவ்வேளையில் சூடேறுவது தடையே. ஆதலின் அது 10 வாட்டு தாங்குவதாக இருக்க வேண்டும். அடுத்த முறை அழுத்த இரண்டு வினாடி காத்திருக்க வேண்டும், அவ்வளவே.

கம்பியின் பருமனையும் கவனிக்க வேண்டும். மேஜையின் மறுகோடியில், 5 மீட்டர் தொலைவிலுள்ள பாயிண்டுக்கு 0.22 சதுர மில்லிமீட்டர் மெல்லிய கம்பியை இழுத்தால், போக வர 10 மீட்டருக்கு 0.78 ஓம் தடை உண்டாகும். சுருளுக்குக் கிட்டும் திறன் 64 வாட்டினின்று 45 வாட்டாகக் குறையும்; பாயிண்டு பாதியில் நின்று வண்டி தடம்புரளும். வீட்டு மின்னமைப்பில் வழங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் 60 வாட்டு கிட்டும்.

இதுகாறும் கூறியவற்றில் பிழை நேர்ந்தால் பொருள்தான் கெடும். உயிருக்கே கேடு விளைக்கும் பிழைகள் இரண்டு உள்ளன. விளக்குகள் மிகுந்து ஒரு மின்மாற்றி போதாதபொழுது, இரண்டாவதன் 16 வோல்ட்டுக் கம்பிகளையும் முதலாவதன் கம்பிகளோடு சேர்த்துவிடுவது ஒன்று. மின்மாற்றி இருவழியும் வேலை செய்வது. ஒன்றன் பிளக்கைச் சுவரினின்று கழற்றினாலும், மற்றதன் 16 வோல்ட்டு அதனுள் பின்வழியாகப் புகுந்து 230 வோல்ட்டாக உயர்ந்து, வெளியே தெரியும் பிளக்கின் பித்தளை முனைகளில் வந்து நிற்கும். கழற்றிய பிளக்கைத் தொட எவரும் அஞ்சார். அபாயம் அங்கேதான் இருக்கிறது. ஆதலின் ஒரு மின்மாற்றி விளக்குகளுக்கு, மற்றொன்று பாயிண்டுகளுக்கு என்று பிரித்து, அவற்றின் கம்பிகள் எங்கும் கலவாதபடி இரு நிறங்களில் இழுக்க வேண்டும்.

மற்றொன்று, பழுதான எல்.இ.டி. பல்புகளினின்று கழற்றிய சிறு மின்தட்டைப் பயன்படுத்துவது. மலிவான பல்புகள் பலவற்றில் மின்மாற்றியே இல்லை. வெளிவரும் மின்னழுத்தம் சிறிதாகத் தோன்றினாலும், அக்கம்பிகள் சுவர் மின்சாரத்தோடு நேரடித் தொடர்புடையவை. அவற்றில் இணைத்த கைகாட்டிக் கம்பத்தைத் தொடுவது வீட்டு மின்கம்பியைத் தொடுவதற்கு ஒப்பாகும். இந்தியத் தர நிறுவனத்தின் பதிவெண் பொறித்த, முற்றும் மூடிய அடாப்டரையே வாங்கி, 230 வோல்ட்டுப் பகுதி முழுவதையும் மாணவர் கைக்கு எட்டாதபடி மேஜையினின்று விலக்கிச் சுவரருகிலேயே வைத்துவிட வேண்டும். மேஜைக்கு வரும் கம்பியில் 2 ஆம்பியர் உருகி ஒன்றையும் ஆசிரியரே பொருத்துவாராக.