பீலி நீரும் தூய நீரும்

ஆபிரிக்காவின் கென்யா, தான்சானியா நாடுகளிலே வாழும் மசாய்ப் பெண்கள், வறண்ட நிலத்தில் நெடுந்தூரம் நடந்து நீர் சுமப்பர். அங்கே நீர் அரிது. கண்டி நகரைச் சூழ்ந்த மலைகளிலோ மழைக்கும் குறைவில்லை, ஊற்றுக்கும் பஞ்சமில்லை. எனினும், தேயிலைத் தோட்ட லயங்களில் வாழ்வோர் பலருக்கு நல்ல குடிநீர் இன்னும் எளிதிற் கிட்டுவதில்லை. இதன் காரணம் யாது?

லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெய்லர் 1867ஆம் ஆண்டில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்னரே கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்து மக்கள் இங்கு வந்திருந்தனர். அவர்தம் லயங்களுக்கு மலையூற்றிலிருந்து வழியும் பீலியே குடிக்கவும் குளிக்கவும் உதவிற்று.

பீலி நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கும். ஆனால் தெளிவு வேறு, தூய்மை வேறு. ஊற்றுக்கு மேலே மலசலகூடமோ மாட்டுத் தொழுவமோ இருப்பின், மழைநீர் அவ்வழுக்கை ஊற்றிலே கொண்டு சேர்க்கும். கண்ணுக்குப் புலப்படாத கிருமிகள் வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி ஆகிய நோய்களை விளைக்கும்.

இதற்குப் பரிகாரம் அரியதன்று. ஊற்றுக்கண்ணைச் சீமெந்துத் தொட்டியால் மூடி, மேற்புறத்தே கான் வெட்டி மழைவெள்ளத்தைத் திருப்புதல் வேண்டும். சுற்றிலும் வேலியிட்டால் கால்நடை அணுகாது. அந்நீரை மணல் வடிகட்டியூடாகத் தாங்கிக்குச் செலுத்தி, அளவறிந்து குளோரின் சேர்க்கலாம். மலைச்சரிவே நீரை வீட்டுக் குழாய்க்குக் கொண்டு செல்லும், இயந்திரம் வேண்டா. குழாயடியில் ஒரு லீற்றருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருத்தல் நன்று. இவ்வசதி வரும்வரை, நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிப் பருகுதலே காப்பாகும்.

ஆயின், வழி தெரிந்தும் பணி தாமதித்ததேன்? 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணம் செலவிடத் தடையாய் நின்றது. சபைக்கு வாக்களித்தோர், அச்சபையின் குழாய்க்கு உரியவராகவில்லை! தூய குடிநீர் மனித உரிமையென ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2010இல் ஏற்றது. இலங்கைச் சட்டமோ 2018இலேதான் திருத்தப்பட்டது.

தடை நீங்கியதால் மட்டும் நீர் வந்துவிடாது. தாங்கியைக் கழுவவும் குழாயைச் செப்பனிடவும் பொறுப்பாளர் வேண்டும். அவர்க்கு ஊதியம் தரச் சிறு மாதக் கட்டணம் வேண்டும். நாள் முழுதும் கொழுந்து பறித்தபின் குடம் சுமப்பவர் பெண்களே. ஆதலின், நீர்ப் பராமரிப்புக் குழுவில் முதலிடமும் அவர்க்கே உரியது.