கப்பல் கரையேறும் பள்ளம்

சிங்கப்பூரின் செம்பவாங் கப்பல் பட்டறையின் பழைய பெருந்துறைக்கு ‘ஆறாம் ஜார்ஜ் மன்னர் கிரேவிங் டாக்’ என்று பெயர். பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துக்காகக் கட்டப்பட்ட அதை 1938 பிப்ரவரி 14 அன்று ஆளுநர் ஷென்டன் தாமஸ் திறந்துவைத்தார். நீளம் சுமார் 1,000 அடி. 1940இல் ‘குவீன் மேரி’ என்ற மாபெரும் பயணிகள் கப்பலே அதற்குள் வந்து நின்றது.

‘கிரேவ்’ என்றதும் நமக்குக் கல்லறைதான் நினைவுக்கு வரும். அது ‘தோண்டு’ என்ற பழைய ஆங்கில வினையில் பிறந்தது; உலோகத்தில் எழுத்து வெட்டும் ‘என்கிரேவிங்’கும் அதே குடும்பம். ‘நிலைமை கிரேவ்’ என்று மருத்துவர் சொல்வது வேறு சொல். கனம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. சமஸ்கிருதத்தின் ‘குரு’வும் அதற்கு உறவு. செம்பவாங் துறையின் பெயரோ இந்த இரண்டிலும் சேராது. பிரெஞ்சில் மணற்கரையைக் குறித்த சொல்லே அதன் மூலம் என்பது அகராதிகள் பெரிதும் ஏற்கும் விளக்கம். வீடு கட்டும்போது நாம் கொட்டுகிறோமே ‘கிராவல்’, அதுவும் அந்தக் கரையிலிருந்து வந்ததுதான்.

கரைக்கும் கப்பலுக்கும் என்ன தொடர்பு? மரக்கப்பல் காலத்தில், நீர் ஏற்றத்தின்போது கப்பலை மணலில் ஏற்றி நிறுத்துவார்கள். நீர் வடிந்ததும் அடிப்பாகத்தில் ஒட்டிய பாசியையும் கொட்டலசுகளையும் நெருப்பு காட்டிக் கருக்கிச் சுரண்டி, தார் பூசுவார்கள். அந்த வேலைக்குப் பெயர்தான் ‘கிரேவிங்’. நம் மீனவர்கள் வள்ளத்தைக் கரையேற்றிச் சுரண்டுவதும் இதே நோக்கத்தில்தான்.

பல்லாயிரம் டன் இரும்புக் கப்பலை மணலில் ஏற்ற முடியாது. ஆகவே கடலோரத்தில் ஆழமாகப் பள்ளம் வெட்டி, கற்காரைச் சுவர் எழுப்பி, வாயிலில் கதவு வைத்தார்கள். கடல்நீரை உள்ளே விட்டால் கப்பல் மிதந்து வரும். கதவை அடைத்து, பம்புகளால் நீரை இறைத்துவிட்டால் கப்பல் தரையிறங்கும். 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 10 டன் விசையுடன் கடல் அந்தக் கதவை அழுத்துகிறது. கதவை விளிம்போடு இறுக்கி மூடுவதும் அதே அழுத்தம்தான்!

எனக்கு இதில் பெரும் வியப்பு, தரையில் வரிசையாக அடுக்கும் கட்டைகள்தான். கப்பலின் வரைபடத்தைப் பார்த்து, அடித்தண்டு எங்கே வந்து இறங்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு அடுக்க வேண்டும். மொத்தப் பாரமும் அவற்றின் மேல்தான். சற்றே விலகினாலும் அடித்தகடு நெளிந்துவிடும். அதனால் நீர் இறங்கும்போது முக்குளிப்போர் உள்ளே போய்ப் பார்ப்பதுண்டு.

செம்பவாங் கடற்படைத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் பெருமளவில் உழைத்தார்கள். இன்று ஈசூனில் இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம், கடற்படைத் தளத் தொழிலாளர்கள் வழிபட்ட சிறு சந்நிதியாகத் தொடங்கியதுதான். 1968இல் பிரிட்டிஷார் பட்டறையைச் சிங்கப்பூரிடம் ஒப்படைத்தார்கள். போர்க்கப்பல்களின் துறைக்கு வணிகக் கப்பல்கள் வரத் தொடங்கின.

கப்பலடியில் கொட்டலசு இன்றும் ஒட்டத்தான் செய்கிறது. ஒட்டினால் வேகம் குறையும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். நெருப்பும் தாரும் போய், உயர் அழுத்த நீர்த்தாரையும் உயிரி ஒட்டாத வண்ணப்பூச்சும் வந்திருக்கின்றன. சிங்கப்பூர்ப் பட்டறைகளில் அந்த வேலையைச் செய்பவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் பலர்.