குண்டு எங்கே போய் நிற்கும்?

2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தில் பயிற்சி நடந்தது. தளத்துக்கு வெளியே ஒரு வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3-இல் அவன் இறந்தான்.

தளத்துக்குள் சுடும் குண்டு வெளியே எப்படி வரும்? மாணவர்களே, ரைபிள் குண்டு வினாடிக்குச் சுமார் 900 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. காற்றே இல்லாவிட்டால், 45 பாகைக் கோணத்தில் சுட்ட குண்டு 80 கிலோமீட்டருக்கு அப்பால் விழும்! காற்றின் தடை அதை 3, 4 கிலோமீட்டராகக் குறைத்துவிடுகிறது. இலக்கு இருப்பதோ சில நூறு மீட்டரில்தான். குழாய் சற்றே மேல்நோக்கினால் போதும், குண்டு இலக்கைத் தாண்டிப் பறக்கும். பாறையில் சாய்வாகப் பட்டாலோ, குளத்து நீரில் எறிந்த ஓட்டாஞ்சில்லைப் போலத் துள்ளித் திசை மாறும்.

ஆகவே இலக்குக்குப் பின்னால் உயரமான குன்றோ மண்மேடோ வேண்டும். அதன் முகப்பு பாறையாக இல்லாமல், குண்டைப் புதைத்துக்கொள்ளும் மண்ணாக இருக்க வேண்டும். அதற்கும் அப்பால், குண்டு எட்டும் தூரம்வரை வீடும் சாலையும் இல்லாதிருப்பது நல்லது.

திசையன்விளை வட்டாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேரிச் செம்மணல் குண்டை நன்றாக விழுங்கும். ஆனால் நிலம் பெரும்பாலும் சமவெளி, பனைகளுக்கிடையே ஊர்கள். வரைபடத்தில் ஓரிடத்தைக் குறித்து, 4 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் வரையுங்கள். அதற்குள் ஊரே இல்லாத திசை ஒன்றாவது உண்டா?