தண்ணீர் கேன் எதனால் ஆனது? – பாலிகார்பனேட் பற்றி வணிகர் அறிய வேண்டியவை

கடை வாசலில் அடுக்கி வைத்திருக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனை நாம் தினமும் தூக்கி இறக்குகிறோம். டெபாசிட் வாங்குகிறோம். விரிசல் விட்டு வந்தால் வாடிக்கையாளரிடம் வாக்குவாதமும் செய்கிறோம். அந்தக் கேன் எதனால் ஆனது என்று கேட்டால் மட்டும் "பிளாஸ்டிக்" என்பதற்கு மேல் நம்மில் பலரிடம் பதில் இல்லை. பிளாஸ்டிக் என்பது பருப்பு என்பதைப் போலப் பொதுப்பெயர். துவரம்பருப்புக்கும் கேசரிப் பருப்புக்கும் வித்தியாசம் தெரியாமல் மளிகை வியாபாரம் செய்ய முடியுமா?

சந்தையில் உள்ள 20 லிட்டர் கேன்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று பெட்; அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருக்கும். மற்றொன்று பாலிகார்பனேட், அதில் 7 என்ற எண்ணோ, பி.சி. என்ற எழுத்தோ இருக்கும். 7 என்பது "இதர வகைகள்" என்பதற்கான எண்தான். ஆகவே 7 கண்ட இடமெல்லாம் பாலிகார்பனேட் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாலிகார்பனேட் கேன் விறைப்பாக இருக்கும், அடி தாங்கும், பல தடவை நிரப்பி எடுக்கலாம். அதனால்தான் விலையும் கூடுதல்.

இது பிறந்த கதை வியாபாரிகளுக்குச் சுவையானது. 1953-இல் ஜெர்மனியின் ஊர்டிங்கன் நகரில் பேயர் கம்பெனியின் ஹெர்மன் ஷ்னெல் இதைக் கண்டுபிடித்தார். ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் டேனியல் ஃபாக்ஸ், மின்கம்பிக்கு உறை தேடப் போய் இதே பொருளில் முட்டிக்கொண்டார். காப்புரிமை யாருக்கு? இரு கம்பெனிகளும் கோர்ட்டில் காலத்தைக் கழிக்கவில்லை. யாருக்கு முன்னுரிமை கிடைக்கிறதோ அவர் மற்றவருக்கு உரிமத் தொகை பெற்றுக்கொண்டு அனுமதி கொடுப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்கள். உரிமை பேயருக்குப் போயிற்று. தொழிலோ இருவருக்கும் நடந்தது. பேயரின் சரக்குக்கு மாக்ரோலான் என்றும், ஜி.இ. சரக்குக்கு லெக்சான் என்றும் பெயர். பின்னாளில் இரு கம்பெனிகளுமே இந்தத் தொழிலை விட்டு விலகின. ஜி.இ. தன் பிளாஸ்டிக் பிரிவை 2007-இல் சவூதியின் சாபிக் நிறுவனத்துக்கு விற்றது. பேயரின் பிரிவு 2015-இல் கோவெஸ்ட்ரோ என்று தனியாகப் போயிற்று.

செய்முறைக்கு வருவோம். பழைய ஆஸ்பத்திரி வாடை அடிக்குமே, அந்தப் பீனால் இரண்டு பங்கு. நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன் ஒரு பங்கு. இவை சேர்ந்தால் பிஸ்பீனால்-ஏ என்ற வெள்ளைப் பொடி கிடைக்கும். இதைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் கரைத்து, பாஸ்ஜீன் வாயுவோடு வினைபுரிய விடுவார்கள். பிஸ்பீனால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாக நீளும். அந்தச் சங்கிலிதான் பாலிகார்பனேட். கழிவாக வருவது என்ன தெரியுமா? காஸ்டிக் சோடாவின் சோடியமும் பாஸ்ஜீனின் குளோரினும் சேர்ந்த உப்பு! நாம் விற்கும் அதே உப்புதான். ஆனால் சமையலுக்கு ஆகாது.

பாஸ்ஜீன் சாதாரண வாயு அல்ல. முதல் உலகப் போரில் 1915 முதல் போர்க்களத்தில் பயன்பட்ட விஷவாயு அது. 1984-இல் போபாலில் கசிந்த மீதைல் ஐசோசயனேட்டும் பாஸ்ஜீனைக் கொண்டு தயாரிக்கப்பட்டதே. இந்த அபாயத்தைத் தவிர்க்க, டைபீனைல் கார்பனேட் என்ற பொருளைப் பிஸ்பீனாலோடு உருக்கிச் சேர்க்கும் முறையும் இப்போது நடைமுறையில் இருக்கிறது.

தொழிற்சாலையிலிருந்து இது குருணையாக வரும். இந்தியாவுக்குப் பெரும்பாலும் இறக்குமதிச் சரக்குதான். கேன் செய்பவர் முதலில் குருணையைச் சுமார் 120 டிகிரி சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் உருக்கும்போது சங்கிலி அறுந்து கேன் நொறுங்கும் பதமாகிவிடும். பிறகு உருக்கிக் குழாய்போல இறக்கி, அச்சுக்குள் பிடித்துக் காற்றை ஊதினால் கேன். புதிய கேனிலேயே வெள்ளிக் கோடுகளோ கொப்புளமோ தெரிந்தால் உலர்த்துவதில் அவசரப்பட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அத்தகைய சரக்கை வாங்காதீர்கள்.

கேன் மட்டுமல்ல, மிக்ஸியின் கண்ணாடி போன்ற ஜாடி, ஹெல்மெட்டின் முன்மறைப்பு, எல்.இ.டி. பல்பின் மூடி, போலீசாரின் கேடயம் எல்லாம் இதுவே. ஒரு காலத்தில் பாட்டுக் கடைகளை நிரப்பிய சி.டி. தட்டும் இதுதான். கண்ணாடியின் எடையில் பாதிக்கும் குறைவு. ஆனால் எளிதில் கீறல் விழும்.

இனி முக்கியமான விஷயம். பாலிகார்பனேட்டிலிருந்து பிஸ்பீனால்-ஏ சிறு அளவில் உணவிலும் நீரிலும் இறங்குகிறது. இது உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற இயக்குநீரைப் போல நடிக்கக் கூடியது. எவ்வளவு இறங்கினால் கெடுதல் என்பதில் நாடுகளுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் அனுமதி அளவை முன்பிருந்ததில் 20,000-இல் ஒரு பங்காகக் குறைத்தது. ஜெர்மன் அரசின் சொந்த ஆய்வு நிறுவனமே அதை ஏற்கவில்லை. இருந்தும் ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில், கால அவகாசத்துடன், உணவோடு தொடர்புள்ள பொருள்களில் இதற்குத் தடை விதித்தது.

குழந்தைகள் விஷயத்தில் நம் நாட்டிலும் தயக்கம் இல்லை. பால்புட்டிக்கான ஐ.எஸ். 14625 தரத்தைப் பி.ஐ.எஸ். 2015-இல் திருத்திப் பாலிகார்பனேட்டை விலக்கிவிட்டது. 1992-ஆம் வருடத்துச் சட்டப்படி பி.ஐ.எஸ். முத்திரை இல்லாத பால்புட்டியை விற்பது குற்றம். சிறைத் தண்டனை வரை போகும். "மொத்த வியாபாரி கொடுத்தார், நான் விற்றேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அலமாரியின் பின்னால் முத்திரையில்லாத பழைய புட்டிகள் கிடந்தால், இன்றே எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் கேனுக்கு வந்தால், சூடும் காரமும் பிஸ்பீனாலை அதிகமாக இறக்குகின்றன. ஆகவே கேன்களை வெயிலில் அடுக்காதீர்கள். கொதிநீரும் சலவைச் சோடாவும் போட்டுக் கழுவுவதும் வேண்டாம். உட்புறம் கீறிச் சொரசொரப்பான, மங்கிப்போன கேனைச் சப்ளையரிடம் திருப்பிவிடுங்கள். காலிக் கேன் திரும்பி வரும்போது மூடியைத் திறந்து ஒரு முறை மோந்து பாருங்கள். சிலர் அதில் பெட்ரோலோ தின்னரோ பிடித்து வைத்திருப்பார்கள். அது ஆரோக்கியக் கேடு என்பதோடு, தின்னர் பட்ட பாலிகார்பனேட் தானாக வெடிப்பு விடும். டெபாசிட் தகராறு பாதி இதில்தான் வருகிறது.

கடை முன்னால் வெளிச்சக் கூரை போட நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாலிகார்பனேட் ஷீட் வெயிலில் மஞ்சளாகாமல் இருக்க ஒரு பக்கத்தில் மட்டும் பாதுகாப்புப் பூச்சு கொடுத்திருப்பார்கள். எந்தப் பக்கம் மேலே என்பது அதன்மேல் ஒட்டிய காகிதத்தில் அச்சாகியிருக்கும். ஆசாரி அதைக் கிழித்து எறிவதற்குள் பார்த்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் ஷீட், இரவுக்கும் உச்சிவெயிலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால் சுமார் 6 மில்லி மீட்டர் நீளும். எனவே திருகாணிக்குப் போடும் துளை, ஆணியை விடச் சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும்.