மூன்று டாக்டர்களின் கையெழுத்து

1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் இருந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிச் சென்றது. அங்கே வேரூன்றிய இந்தியர்கள் நிலம் வாங்குவதை 1946இல் ஒரு சட்டம் முடக்கியது. அதை எதிர்த்துச் சிறை சென்றவர் நேட்டால் இந்தியக் காங்கிரஸ் தலைவர் டாக்டர் ஜி. எம். நாயக்கர்.

இந்தியருக்கு மட்டும் நியாயம் கேட்டால் போதாது என்பதில் அவர் தெளிவாக இருந்தார். 1947 மார்ச் 9 அன்று, எடின்பரோவில் உடன் படித்த டாக்டர் தாதூ, ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் டாக்டர் ஷூமா ஆகியோரோடு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார். எல்லோருக்கும் வாக்குரிமை, இலவசக் கட்டாயக் கல்வி, கறுப்பினத்தவரின் நடமாட்டத்தைக் கட்டிப்போட்ட ‘பாஸ்’ சட்டங்கள் ஒழிப்பு என நீண்டன கோரிக்கைகள். இன்று இவை சாதாரணமாகத் தெரியும்; அன்று இவற்றைக் கேட்பதே துணிச்சல்.

நாயக்கர் 1978இல் காலமானார். கூட்டறிக்கை கேட்டபடி எல்லா இனத்தவரும் வாக்களித்த தென்னாப்பிரிக்காவின் முதல் தேர்தல் 1994 ஏப்ரலில் நடந்தது.