வாக்கியம் என்ன வேலை செய்கிறது?

வடலூரிலிருந்து சிதம்பரத்திற்குப் பட்டப்படிப்புக்காகச் சென்று வரும் ஒரு மாணவரை எண்ணிக்கொள்வோம். பள்ளி இறுதி வரை தமிழ் வழியில் பயின்றவர். ஆங்கிலத்தில் ஒரு செய்வினை வாக்கியத்தைக் கொடுத்துச் செயப்பாட்டு வினையாக மாற்றச் சொன்னால் பிழையின்றி மாற்றுவார். முழு மதிப்பெண்ணும் பெறுவார். ஆனால், "உங்கள் ஊரைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள்" என்றால் பேனா நின்றுவிடுகிறது. இலக்கணம் தெரிந்தும் எழுத வராதது ஏன்?

காரணம் எளிது. அவர் கற்றது, வாக்கியத்தை எப்படி மாற்றுவது என்பதை மட்டுமே. எதற்காக மாற்ற வேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. இந்த 'எதற்காக' என்னும் வினாவிலிருந்து தொடங்குவதுதான் 'ஃபங்ஷனல் கிராமர்' எனப்படும் பயன்நோக்கு இலக்கணம்.

லாகூரில் ஓர் ஆசிரியர்

இந்த நோக்கின் வேர்களில் ஒன்று நம் துணைக்கண்டத்தோடு தொடர்புடையது. ஜே. ஆர். ஃபர்த் என்னும் ஆங்கிலேய மொழியியலறிஞர் 1919 முதல் 1928 வரை லாகூரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தார். பின்னர் லண்டனில் பணியாற்றியபோது தமிழ் ஒலிப்பைப் பற்றியும் எழுதினார். ஒரு சொல்லின் பொருள் அது வழங்கும் சூழலில்தான் விளங்கும் என்பது அவர் வற்புறுத்திய கருத்து. அவரிடம் பயின்ற எம். ஏ. கே. ஹாலிடே (1925-2018) இக்கருத்தை ஒரு முழு இலக்கணக் கொள்கையாக வளர்த்தார். சீன மொழியை ஆராய்ந்து தம் பணியைத் தொடங்கிய ஹாலிடே, 1976-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். பயன்நோக்கு இலக்கணத்திற்கு அவர் எழுதிய அறிமுக நூல் 1985-இல் வெளிவந்தது.

ஒவ்வொரு வாக்கியமும் ஒரே நேரத்தில் மூன்று வேலைகளைச் செய்கிறது என்பது அவர் கொள்கையின் சாரம். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வேலை: நிகழ்ச்சியைச் சொல்லுதல்

"வள்ளலார் 1867-இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார்." இதில் செய்தவர் ஒருவர், செயல் ஒன்று, செயலுக்கு உள்ளானது ஒன்று, காலமும் இடமும் சூழல். உலகில் நடப்பதை இப்படிப் பகுத்துக் காட்டுவது வாக்கியத்தின் முதல் வேலை.

இதைத் தமிழ் செய்யும் வழி வேறு, ஆங்கிலம் செய்யும் வழி வேறு. "ராமன் கண்ணனை அழைத்தான்" என்றாலும் "கண்ணனை ராமன் அழைத்தான்" என்றாலும் அழைத்தவன் ராமனே. 'ஐ' என்னும் உருபு அதைக் காக்கிறது. ஆங்கிலத்தில் பெயர்களுக்கு அத்தகைய உருபு இல்லை. இரு பெயர்களையும் இடம் மாற்றினால் அழைத்தவன் கண்ணனாகிவிடுவான். அங்கே சொல் நிற்கும் இடமே உருபின் வேலையைச் செய்கிறது.

இரண்டாம் வேலை: உறவைக் காட்டுதல்

தமிழில் நீ, நீங்கள், தாங்கள் என்று மரியாதைக்குப் படிகள் உண்டு. ஒருவரைப் பன்மையால் சுட்டுவது இலக்கண நெறியன்று, உலக வழக்கில் வந்த உயர்சொல் என்று தொல்காப்பியம் அன்றே பிரித்துக் காட்டியது. ஆங்கிலத்திலோ எல்லாருக்கும் 'யூ' ஒன்றுதான். அப்படியானால் மரியாதையை எங்கே வைப்பது? துணைவினையில் வைக்கிறார்கள். "ஓபன் த டோர்" என்பது கட்டளை, "குட் யூ ஓபன் த டோர்?" என்பது பணிவான வேண்டுகோள். 'குட்' என்பது 'கேன்' என்பதன் இறந்தகாலம் என்று மட்டும் மனப்பாடம் செய்தவர், இங்கே எது இறந்தகாலம் என்று திகைப்பார்.

உறுதியின் அளவையும் துணைவினைகளே காட்டுகின்றன. "புயல் கடலூர் அருகே கரையைக் கடக்கலாம்" என்பதற்கும் "கடக்கும்" என்பதற்கும் உள்ள வேறுபாடு கரையோர மக்களுக்குச் சிறிதன்று. ஆங்கிலத்தில் 'மே', 'வில்' ஆகியவை இந்த வேறுபாட்டைச் சொல்கின்றன.

மூன்றாம் வேலை: பேச்சைத் தொடுத்தல்

இப்போது நம் மாணவரின் செயப்பாட்டு வினைக்கு வருவோம். கட்டுரை வள்ளலாரைப் பற்றியது என்றால், "வள்ளலார் ஓப்பண்ட் த தருமச்சாலை இன் 1867" என்று அவரை முதலில் வைப்பது பொருத்தம். கட்டுரை தருமச்சாலையைப் பற்றியது என்றால் அதைத்தான் முன்னால் நிறுத்த வேண்டும். தமிழில் இது எளிது: "தருமச்சாலையை வள்ளலார் தொடங்கினார்" என்று சொல்லை நகர்த்தினால் போதும். ஆங்கிலத்தில் சொல்லை மட்டும் நகர்த்தினால் தருமச்சாலை வள்ளலாரைத் தொடங்கியதாகிவிடும்! ஆகவே வினையை மாற்றி, "த தருமச்சாலை வாஸ் ஓப்பண்ட் பை வள்ளலார் இன் 1867" என்கிறார்கள்.

தமிழில் உருபு தரும் வசதியை ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை ஈடு செய்கிறது. தமிழ்ப் பேச்சில் 'படு' அரிதாக வருவதற்கும், ஆங்கில எழுத்தில் செயப்பாட்டு வினை அடிக்கடி வருவதற்கும் இஃது ஒரு முக்கியக் காரணம் ஆகும்.

செயப்பாட்டு வினைக்கு இன்னொரு பயனும் உண்டு. செய்தவரைச் சொல்லாமலே விடலாம். "திருடர்கள் கைது செய்யப்பட்டனர்" என்றால் செய்தது காவல்துறை என்று எல்லாரும் அறிவர்; சொல்லத் தேவையில்லை. ஆனால் "மரங்கள் வெட்டப்பட்டன" என்றால்? வெட்டியவர் யார் என்ற கேள்வி எழ வேண்டும். இலக்கணம் அறிந்த வாசகர் அந்தக் கேள்வியைக் கேட்பார். பல்கலைக்கழகக் கல்வியின் பயன் இத்தகைய விழிப்பன்றோ?

எல்லையும் உண்டு

பயன்நோக்கு இலக்கணம் வந்துவிட்டதால் வினை வடிவங்களைக் கற்க வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. கருவியே கையில் இல்லாதவருக்கு அதன் பயனைச் சொல்லி என்ன பலன்? மேலும் ஹாலிடேயின் முறையில் கலைச்சொற்கள் மிகுதி. அவற்றை மட்டும் மனப்பாடம் செய்தால் பழைய நோய் புதிய பெயரில் திரும்பிவிடும்.

தமிழ் வழியில் பயின்றவருக்கு இங்கே ஒரு வாய்ப்பும் இருக்கிறது. 1929-இல் நிறுவப்பெற்ற சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் திராவிட மொழியியல் ஆய்வுக்குப் பேர்பெற்றது. இரு மொழிகளை அருகருகே வைத்துப் பார்க்கும் அத்தகைய பார்வை ஆங்கிலம் கற்பவருக்கும் உதவும். தம் தாய்மொழி ஒரு வேலையை எப்படிச் செய்கிறது என்று அறிந்தவர், அதே வேலையைப் பிறமொழி எப்படிச் செய்கிறது என்று எளிதில் தேடிக் காண்பார்.

மாணவ நண்பர்கள் இன்றே ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். ஆங்கில நாளிதழ் ஒன்றில் பத்து வாக்கியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: யார் எதைச் செய்தார்? யாரிடம் எவ்வளவு உறுதியோடு சொல்லப்படுகிறது? எந்தச் சொல் முதலில் நிற்கிறது, ஏன்? பிறகு உங்கள் ஊரைப் பற்றிப் பத்து வரி எழுதிப் பாருங்கள். அடுத்த வாக்கியத்தை எந்தச் சொல்லில் தொடங்குவது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.