ஃபைவ் நைன் டூ டூ

2024 அக்டோபர் 26, சனிக்கிழமை. இந்திய நேரம் பகல் 12.49க்குச் சூரியனில் ஒரு வெடிப்பு உச்சத்தைத் தொட்டது. எக்ஸ் 1.8 என்று வகைப்படுத்தினார்கள். சூரிய வெடிப்புகளில் எக்ஸ்தான் ஆகப் பெரிய வகுப்பு. அந்த நேரத்தில் சூரியன் உச்சியில் நின்றது இந்தியப் பெருங்கடலுக்கு மேலே; இந்தியாவில் நடுப்பகல். அன்று காலை 5.30க்கு ஆரம்பித்த ஒரு போட்டியில் உலகம் முழுக்கப் பல்லாயிரம் பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் போட்டியின் மைதானம் வானம். மைதானத்தைப் பராமரிக்கிறதும் சூரியன்தான், இஷ்டத்துக்குக் குலைக்கிறதும் சூரியன்தான்.

போட்டியின் பெயர் சிக்யூ வேர்ல்ட் வைட். 1948 முதல் நடக்கிறது. ஆண்டுதோறும் அக்டோபரின் கடைசி முழு வார இறுதியில் குரலுக்கும், நவம்பரின் கடைசி முழு வார இறுதியில் மோர்ஸுக்குமாக இரண்டு சுற்று. ஒவ்வொன்றும் 48 மணி நேரம். அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருக்கிற ஹாம்கள் அதற்குள் எத்தனை பேரோடு, எத்தனை நாடுகளோடு தொடர்புகொள்கிறார்கள் என்பதுதான் ஆட்டம். குசலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. அழைப்புக்குறியைச் சொல்ல வேண்டும், 'ஃபைவ் நைன்' என்று சிக்னல் தரத்தைச் சொல்ல வேண்டும், தன் மண்டல எண்ணைச் சொல்ல வேண்டும். உலகத்தை 40 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தியாவும் இலங்கையும் 22. ஆகவே நம் ஊர்க்காரர் சொல்வது 'ஃபைவ் நைன் டூ டூ'. எதிர்முனை பதிலுக்குத் தன் எண்ணைச் சொல்லும். பத்து நொடிக்குள் கதை முடிந்து, அடுத்த ஆள்.

கணக்கு சுவாரசியமானது. வேறு கண்டத்தைப் பிடித்தால் 3 புள்ளி, அதே கண்டத்தில் வேறு நாடு என்றால் 1, சொந்த நாட்டுக்காரரோடு பேசினால் சுழியம். மொத்தப் புள்ளிகளை, பிடித்த நாடுகளும் மண்டலங்களும் சேர்ந்த எண்ணிக்கையால் பெருக்குவார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 100 பேர் கிடைத்தால் 300 புள்ளி. அவர்கள் 30 நாடுகளிலும் 12 மண்டலங்களிலும் இருந்தால் 42 மடங்கு, அதாவது 12,600. பெருக்கல் இருப்பதால் அரிதான மண்டலத்துக்குத் தனி மவுசு. 22 அப்படிப்பட்ட ஒன்று. நம் நாட்டு மக்கள்தொகையோடு பார்த்தால் இங்கே ஹாம்கள் மிகக் குறைவு. அதனால் ஒரு இந்தியக் குரல் காற்றில் எழுந்தால் ஐரோப்பாவே வரிசை கட்டி நிற்கும்.

இந்தக் குரல் அங்கே போய்ச் சேருவது எப்படி? ரேடியோ அலை நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்திருக்கிறது. 1901இல் மார்க்கோனி அட்லாண்டிக்கைத் தாண்டி சிக்னல் கேட்டதாக அறிவித்தபோது, அது எப்படிச் சாத்தியம் என்று பலருக்கும் புரியவில்லை. மேலே மின்னூட்டம் பெற்ற ஓர் அடுக்கு இருக்க வேண்டும் என்று மறு ஆண்டே கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியே சொன்னார்கள். அதுதான் அயனி மண்டலம். சூரியனின் புறஊதாக் கதிர்கள் அங்குள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை உரித்துப் போடுகின்றன. 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற எஃப்2 அடுக்கில் எலக்ட்ரான்கள் நெருக்கமாக இருந்தால் சிற்றலை வளைந்து கீழே திரும்பும். ஏரியில் ஓட்டாஞ்சில்லைச் செங்குத்தாகப் போட்டால் மூழ்கிவிடும், சாய்த்து வீசினால் தத்தித் தத்திப் போகும்; அலையும் அப்படித்தான், அடிவானத்தை ஒட்டிச் சாய்வாகப் போனால் எளிதாகத் திரும்பி வரும். ஒரு தத்தலுக்கு அதிகபட்சம் 4,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், நம் பகுதியிலிருந்து டோக்கியோவுக்கு இரண்டு, லண்டனுக்கு மூன்று.

எந்த அலைவரிசை வரைக்கும் திரும்பும் என்பது எலக்ட்ரான் அடர்த்தியைப் பொறுத்தது. இங்கேதான் சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி வருகிறது. சூரியப் புள்ளிகள் மிகுந்தால் புறஊதாக் கதிரும் மிகும், அயனி மண்டலமும் தடிக்கும். புள்ளிகள் வற்றிய ஆண்டுகளில் 28 மெகா ஹெர்ட்ஸ், அதாவது பத்து மீட்டர் பேண்ட், பெரும்பாலும் இரைச்சல் மட்டுமே கேட்கும் பொட்டல். உச்ச ஆண்டுகளில் அதே பேண்டில் காலையில் ஜப்பானும் ஆஸ்திரேலியாவும், பிற்பகலில் வளைகுடாவும் ஐரோப்பாவும், இருட்டும் நேரத்தில் அமெரிக்கக் கிழக்குக் கரையும் வந்து நிற்கும்.

இப்போதைய 25ஆம் சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது. அதன் உச்சம் புள்ளி எண் 115 அளவில், 2025 ஜூலை வாக்கில் வரும் என்று நிபுணர் குழு 2019இல் கணித்தது. சூரியன் அந்தக் கணிப்பைச் சட்டை செய்யவில்லை. 2024 அக்டோபரிலேயே சராசரிப் புள்ளி எண் 160ஐ எட்டிவிட்டது. போட்டி நடந்த அதே மாதம்.

இந்த உச்சத்தால் அதிக லாபம் யாருக்கு என்று கேட்டால், திருத்தணி போன்ற ஊரில் இருப்பவருக்கு என்பேன். எண்பது மீட்டர் பேண்டுக்கு ஒரு அரையலை டைபோல் ஆன்டெனா கட்ட 40 மீட்டர் நீளம் வேண்டும். நெருக்கமான வீடுகளுக்கு நடுவே எங்கே போவது? பத்து மீட்டர் பேண்டுக்கு மொத்தமே 5 மீட்டர். இரண்டரை இரண்டரை மீட்டராக இரண்டு செம்புக் கம்பி, நடுவில் கோஆக்சியல் கேபிள், இரு முனையிலும் நைலான் கயிறு. மொட்டை மாடித் துணிக்கொடியை விடச் சின்னது. அரக்கோணம்–ரேணிகுண்டா மின்சார ரயில் பாதையும், பொதட்டூர்பேட்டைப் பக்கத்து விசைத்தறி மோட்டார்களும் கிளப்புகிற மின்னிரைச்சல் கீழ் பேண்டுகளைத்தான் அதிகம் கெடுக்கும். மேலே போகப் போக அது தணியும். வடகிழக்குப் பருவமழை இடியின் கரகரப்பும் அப்படியே. ஆனால் மின்னல் வெட்டினால் புள்ளியாவது ஒன்றாவது, ஆன்டெனாவைக் கழற்றிவிட வேண்டும். குரல் போட்டி அக்டோபர் கடைசியில் வருவது நமக்கு மட்டும் வாய்த்த சோதனை.

திருத்தணி மலைக்கு வடமேற்கே, ஆந்திர எல்லைக்கு அப்பால், சுமார் 60 கிலோமீட்டரில் கடங்கி இருக்கிறது. தேசிய வளிமண்டல ஆய்வகத்தின் பெரிய ரேடார் அங்கேதான். 130 மீட்டருக்கு 130 மீட்டர் பரப்பில் 1,024 யாகி ஆன்டெனாக்கள், 53 மெகா ஹெர்ட்ஸ், கட்டப்பட்டபோது உச்சத் திறன் 25 லட்சம் வாட். ஹாம்கள் கூரைமேல் சுழற்றுகிற யாகியின் உடன்பிறப்புகள்தான் இவை. நம் ஹாமிடம் இருப்பதோ 100 வாட். பிடிவாதக்காரர்கள் 5 வாட்டிலேயே ஆடுவார்கள்.

கடங்கி ரேடார் கவனிக்கிற விஷயங்களில் ஒன்று திருத்தணி வானத்துக்கும் சொந்தம். காந்த நடுக்கோடு நம் நாட்டின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963இல் தும்பாவில் முதல் ராக்கெட்டை ஏவியதற்கும் அதுவே காரணம். பகலில் அந்தக் கோட்டுக்கு மேலே அயனிகள் எழும்பி, காந்தப் புலத்தின் வழியே வடக்கும் தெற்குமாக வடிந்து குவிகின்றன. ஆப்பிள்டன் இதை 1946இல் எழுதினார். காந்தப் புலத்தின் வழியே வடிவதுதான் காரணம் என்று விளக்கியவர் கொல்கத்தாவின் சிசிர் குமார் மித்ரா. இருட்டிய பிறகு அயனி மண்டலத்தின் அடியிலிருந்து எலக்ட்ரான்கள் மிகக் குறைந்த குமிழ்கள் கிளம்பும். சூரிய உச்ச ஆண்டுகளில், மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் இது அதிகம். குமிழ் குறுக்கே வந்தால் சிக்னல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலப் படபடக்கும், ஜிபிஎஸ்ஸும் தடுமாறும்.

உச்சத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. வெடிப்பின் எக்ஸ் கதிர் எட்டு நிமிடத்தில் பூமிக்கு வந்து, 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள டி அடுக்கைத் தடிக்கச் செய்கிறது. அந்த அடுக்கு அலையைத் திருப்பாது, விழுங்கும். பகலாக இருக்கிற பாதி உலகில் சிற்றலை மங்கும், கீழ் பேண்டுகள் முதலில் சாகும், பத்து மீட்டர் சீக்கிரம் மீளும். வெடிப்போடு சூரியனிலிருந்து பிளாஸ்மா மேகமும் கிளம்பினால் ஓரிரு நாள் கழித்துக் காந்தப் புயல். 2024 மே 10, 11 தேதிகளில் வந்த புயல் 2003க்குப் பிறகு மிகக் கடுமையானது. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிற விண்கலம் ஆதித்யா எல்1, திருத்தணியிலிருந்து 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பியது. அப்போது திட்ட இயக்குநர் செங்கோட்டைக்காரரான நிகார் ஷாஜி.

நம்பரைக் கத்திக்கொண்டிருப்பதில் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. 2004 டிசம்பரில் ஹாம் பாரதி பிரசாத்தின் குழுவினர் அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசத்தான் போர்ட் பிளேயர் போனார்கள்; 26ஆம் தேதி சுனாமி தொலைபேசிகளை அறுத்தபோது அதே ரேடியோ தகவல் பாலமானது. 2017 ஆகஸ்ட் சூரிய கிரகணத்தின்போது அமெரிக்காவில் ஹாம் தொடர்புகளைத் திரட்டி, நிழல் கடந்த நேரத்தில் அயனி மண்டலம் எப்படி மாறியது என்று ஆராய்ந்தார்கள். போட்டி நாளில் ஒவ்வொரு தொடர்பும் ஒரு அளவீடு: இந்த நேரத்தில், இந்த அலைவரிசையில், இந்த இரண்டு ஊருக்கு நடுவே வானம் திறந்திருந்தது என்பதற்குச் சாட்சி. இவ்வளவு பெரிய கணக்கெடுப்பை எந்த ஆய்வகமும் தன் செலவில் நடத்திவிட முடியாது.

சூரியன் இறங்குமுகம் ஆனாலும் பத்து மீட்டர் உடனே அடங்கிவிடாது. பேச உரிமம் வேண்டும். அதற்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வு இருக்கிறது. கேட்க அதுகூட வேண்டாம். நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகம் தன் ரிசீவரை இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கிறது. அக்டோபர் கடைசி முழு வார இறுதியின் சனிக்கிழமை பிற்பகல், 28.3 மெகா ஹெர்ட்ஸிலிருந்து மேலே மெல்லத் திருப்பிக்கொண்டே போங்கள். 'டூ டூ' என்று யாராவது சொன்னால், அவர் நம் பக்கத்துக்காரர்.